மின்கம்பிக்கு நாங்கள் ஒப்புக்கொண்ட கதை

1

அண்ணனின் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்வதும் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பதுமாக இருக்கிறேன். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டீங்களா?" என்று என் மனைவி செல்லம் நேற்று கேட்டே விட்டாள்.

விஷயம் பெரிதில்லை. துறையூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தின் வழியாகப் பெரிய மின்சாரக் கம்பி போகப்போகிறதாம். எங்கள் கிணற்றடி நிலத்தில் ஓர் இரும்புக் கோபுரம் நடுவார்களாம். நிலம் எங்கள் இருவர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டும் என்று ஒரு தாளை அனுப்பியிருக்கிறார். எந்த இடத்தில் கையெழுத்திட வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் கிராணியாக, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக, வேலை பார்த்தவனுக்குக் கையெழுத்துப் போடும் இடம் தெரியாது என்று நினைக்கிற ஒரே மனிதர் என் அண்ணன்தான்.

"ஆட்சேபணை இல்லை என்று போட்டு உடனே அனுப்பு, தம்பி. சின்னான் குடிசை குறுக்கே வருகிறது. அவனைக் கிளப்பிக்கொள்ளலாம், அது ஒரு விஷயமில்லை. நீ அங்கே வெள்ளைக்காரன் ஊரில் இந்தக் கம்பி கோபுரமெல்லாம் தினம் பார்க்கிறவன். உனக்குத் தெரியாததா?"

சின்னான் என்பவர் அந்த நிலத்தை உழுகிறவர். எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்தக் கிணற்றடியில்தான் குடியிருக்கிறார். முதல் தடவை படித்தபோது அந்த வரி என் கண்ணில் தங்கவே இல்லை. பேனாவைத் திறந்து, பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோன பிறகுதான் திரும்பப் படித்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

கம்பி கோபுரத்தை நான் தினம் பார்ப்பதில்லை. ஆனால் அதற்காகக் கூட்டப்பட்ட கூட்டத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் மொழிபெயர்ப்பாளன் நான். முதல் கூட்டத்தில் நான் செய்த காரியத்தை ஊரில் யாருக்கும் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். இந்த மாசியோடு நான் கப்பல் இறங்கி இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. வழக்கமாக இந்த மாதத்தில் சௌக்கியமாக இருக்கிறேன் என்று எல்லோருக்கும் கடிதம் போடுவேன். இந்த வருஷம் அது முடியவில்லை.

2

நான் இருப்பது மலாயாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டம். அவசரகாலச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் வாழ்க்கை கம்பி வேலிக்குள் நடக்கிறது. காட்டுக்குள் ஆயுதத்தோடு இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக, தோட்டத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளையெல்லாம், மூன்று வருஷத்துக்கு முன் காலி செய்தார்கள். எல்லோரையும் பள்ளத்து ஓரம் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். சமைத்த சோற்றைக்கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது. வெறும் வயிற்றோடு மரத்தடிக்குப் போய், வேலை முடிந்து வந்துதான் சாப்பாடு.

எங்கள் வீடு மேட்டில், ஆபீசுக்குப் பின்னால். அதற்குத் தனி வேலி. நாங்கள் இரவில் அடைபடுகிற வேலி கொஞ்சம் கௌரவமான வேலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வேலையில் முக்கியமானது பெரட்டு. விடியும் முன் தொழிலாளர்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு இங்கே பெரட்டு என்று பெயர். நான் புத்தகத்தைப் பிரித்துப் பெயரைச் சொல்வேன். "ஐயா" என்று குரல் வரும். குரல் கொடுத்தவர் நகர்ந்து, தன் மண்டோருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். மண்டோர் என்பவர் கங்காணிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மண்டோர் ராமையா களத்தின் இடது பக்கம், கொட்டகை ஓரத்தில் நிற்பார். மழையோ வெயிலோ, அவர் இடம் மாறியதே இல்லை. ஒரு பெயருக்கு எனக்கு மூன்று நொடி பிடிக்கும். அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படியிருக்க ஒருநாள் வேலி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது. தமிழில் இல்லை. பெரிய மின்கம்பி ஒன்று சிரம்பானுக்குப் போகிறது, நம் தோட்டத்தைத் தாண்டிப் போகும், கம்பிக்குக் கீழே இரண்டு பக்கமும் வீடும் உயர்ந்த மரமும் இருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை களத்தில் அதிகாரிகள் வந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்பார்கள். இதுதான் சாரம். கம்பி போகிற வழியில் அகப்பட்டது பள்ளத்து ஓரத்துப் புதுக்குடியிருப்பில் இருபத்தெட்டு வீடுகள். அவர்களை நான்கு மைல் தள்ளி வேறொரு இடத்தில் குடிவைப்பார்கள்.

மூன்று வருஷத்தில் இரண்டாவது தடவை.

நான் பெரட்டில் இதைப் படித்துச் சொன்னேன். யாரும் எதுவும் பேசவில்லை. இங்கே பேசாமல் இருப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் கிராணி ஒருவர் தொழிலாளர்களுக்காக மனு எழுதிக் கொடுத்தார் என்று விசாரணைக்கு அழைத்துப் போய், இருபது நாள் கழித்துத்தான் விட்டார்கள். திரும்பி வந்தவர் எதையும் சொல்லவில்லை. அதன் பிறகு எனக்கும் மனு எழுதும் ஆசை விட்டுப் போயிருந்தது.

3

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மாவட்ட அலுவலகத்து மலாய் அதிகாரி. மிகவும் மரியாதையான மனிதர். என்னிடம் ஆங்கிலத்தில் பேசி, உட்காரவும் சொன்னார். இன்னொருவர் மின்சார வேலையைக் கவனிக்கிற வெள்ளைக்கார இன்ஜினியர், வெயிலில் முகம் சிவந்து போய் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதுகாப்புக்கு வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு களத்தின் வலது பக்கம் நின்றார்கள்.

அதிகாரி தெளிவாகத்தான் சொன்னார். முதலில் விஷயத்தை விளக்குங்கள். பிறகு பட்டியலில் உள்ள குடும்பத் தலைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆட்சேபணை உண்டா என்று கேளுங்கள். இல்லாதவர்கள் இடது பக்கம் நிற்கட்டும். இருக்கிறவர்கள் வலது பக்கம் நிற்கட்டும், அவர்கள் சொல்வதை நான் எழுதிக்கொள்கிறேன்.

நான் விளக்கினேன். வரைபடத்தைக் காட்டினேன். இடது, வலது என்று கையைக் காட்டியும் சொன்னேன். அதற்குப் பிறகு என் கையில் பட்டியல் வந்தது. பட்டியலைப் பார்த்ததும் என் குரல் மாறிவிட்டது. அதை இப்போதும் நன்றாக நினைவுபடுத்த முடிகிறது. ஆட்சேபணை உண்டா என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. பெயரை மட்டும் கூப்பிட்டேன், பெரட்டில் கூப்பிடுகிற அதே ராகத்தில், அதே வேகத்தில்.

"ஐயா" என்று குரல் வந்தது. முதல் ஆள் நகர்ந்து, இடது பக்கம் ராமையாவுக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவதும்.

ஐந்தாவது பெயர் வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் பதில் சொல்லவில்லை, பெரட்டுக் கொடுக்கிறார்கள். அதுவுமல்லாமல், போன வருஷம் காட்டிலிருப்பவர்களுக்கு உதவியவர்கள் என்று ஆள் பொறுக்கியபோது வலது பக்கம் நிறுத்தப்பட்டவர்களைத்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் யார் போவார்கள்?

நான் நிறுத்தியிருக்கலாம். கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுங்கள், இது சரியில்லை" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள், தோட்டத்து மேனேஜரான எங்கள் துரை ஆபீஸ் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்துத் தோட்டத்துக் கிராணியின் முகம் நினைவுக்கு வந்தது. பயந்துவிட்டேன். இருபத்தெட்டுப் பெயரையும் கூப்பிட்டு முடித்தேன். களத்தின் வலது பக்கம் கான்ஸ்டபிள்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அதிகாரிக்கு ஆச்சரியம். இவ்வளவு சுமுகமாக வேறு எந்தத் தோட்டத்திலும் நடக்கவில்லை என்று பாராட்டினார். அனைவரும் ஒப்புக்கொண்டனர் என்று எழுதி, மொழிபெயர்ப்பாளன் என்ற இடத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். வரைபடத்தைச் சுருட்டினார்கள், ஜீப் கிளம்பிவிட்டது.

நான் ஆபீசுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். ராமையாவுக்குப் பின்னால் வரிசையாக, நல்ல வெயிலில், நல்ல துணி உடுத்திக்கொண்டு. வெகுநேரம் கழித்து வீராயி மட்டும் வரிசையை விட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

வீராயி பால் வெட்டுகிறவள். ஐம்பது வயது இருக்கும். இரண்டாவது நிரையில் அவளைவிடச் சுத்தமாகப் பட்டை சீவுகிறவர்கள் கிடையாது. பொதுவாக என்னிடம் அதிகம் பேசமாட்டாள்.

"கிராணி ஐயா, பெரட்டு முடிஞ்சிருச்சு. கூட்டம் எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.

முடிந்துவிட்டது என்றேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை சாயங்காலமே இருபத்தெட்டு வீட்டுக்காரர்களும் கூடி, எல்லோருக்கும் சேர்த்து அவளே பேசுவது என்று முடிவு செய்திருந்தார்கள். என்ன பேசவேண்டும் என்று அவள் இரண்டு நாளாக மரத்துக்கு மரம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"எங்க வீட்டுக்காரர மறுபடியும் லாரியில ஏத்த முடியாதுய்யா" என்றாள். அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் புருஷன் கருப்பனுக்குப் பக்கவாதம். முதல் தடவை குடி மாற்றியபோது பெஞ்சோடு தூக்கி லாரியில் வைத்தார்கள். மேடு பள்ளத்தில் லாரி குதித்ததில் பெஞ்சிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதிலிருந்து அவரைப் பாய் மாற்றுவதற்கே இரண்டு ஆள் வேண்டும், அப்போதெல்லாம் அவர் போடுகிற சத்தம் மேட்டில் எங்கள் வீடுவரை கேட்கும். நான்கு மைல் லாரியில் அவர் உயிரோடு போய்ச் சேரமாட்டார் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்னிடமே சொல்லியிருக்கிறார். இதெல்லாம் தெரிந்துதான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

4

என் மகள் வசந்தா சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். வாரநாட்களில் அம்பாங்கானில் செல்லத்தின் உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருவாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் புதிய ஆளாக வருகிறாள். அண்ணன் எழுதும் கடிதங்களை அவளுக்குக் கொடுத்தால் எழுத்துக்கூட்டிப் பாதி படித்துவிட்டு, "அப்பா, யூ ரீட் லா" என்று திருப்பிக் கொடுக்கிறாள். ஊரில் தனக்கு ஒரு பெரியப்பா இருப்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம் அளவுக்குத்தான். இதில் எனக்கு வருத்தம் உண்டு, சில வேளை கோபமும். ஆனால் அந்த ஆங்கிலம்தான் அந்த வாரம் என் கழுத்தைப் பிடித்தது.

வேலி வாசலில் சோதனைக்குக் காத்து நிற்கும்போது அவள் அந்த அறிவிப்பை முழுவதும் படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"கீழ ஒண்ணு போட்டிருக்கே அப்பா. கூட்டம் முடிஞ்சு பதினாலு நாளைக்குள்ள எழுத்துல ஆட்சேபணை கொடுக்கலாம்னு. நீங்க அதப் படிச்சுச் சொல்லலையா?"

நேரமில்லை என்றேன். பெரட்டில் அத்தனையும் படிக்க முடியாது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"மேல ஏழு வரி இருக்கு. அதப் படிக்க நேரம் இருந்துச்சு. கீழ ரெண்டு வரிக்கு இல்லையா?"

அதிகப்பிரசங்கி என்று அதட்டினேன். செல்லம் வந்து நடுவில் நின்றாள். வசந்தா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் கேட்டது ஆங்கிலத்தில் இருந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. நல்ல தமிழில் கேட்டாள்.

அடுத்த பல நாட்கள் நான் இருந்த இருப்பு எனக்கே பிடிக்கவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு நின்றுபோனேன். கணக்குப் புத்தகத்தில் ஒரே வரியை இரண்டு தடவை எழுதினேன். தாளை எடுப்பேன், ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று ஆங்கிலத்தில் தொடங்குவேன், கிழித்து அடுப்பில் போடுவேன். பத்தாவது நாள், வீராயி வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மை பூசிய முளைகளை அடித்திருந்தார்கள். வீராயியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தாங்களே தோண்டிய கிணறு அது. பதிமூன்றாவது நாள் பல்வலி என்று துரையிடம் சொல்லி விடுமுறை வாங்கிக்கொண்டு சிரம்பானுக்கு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த மனுத் தாளை ஒரு கான்ஸ்டபிள் பிரித்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அரிசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மாவட்ட அலுவலகத்தில் முதல் மேசைக்காரர் இரண்டாம் மேசைக்கு அனுப்பினார். இரண்டாம் மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்து, இது தன் கோப்பு இல்லை என்று மாடிக்கு அனுப்பினார். மாடியில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட பெரியவர். என் தாளைப் படித்துவிட்டுக் கோப்பை எடுத்துப் பார்த்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டதாக நானே கையெழுத்திட்டிருப்பதைக் காட்டினார்.

அது பெரட்டு, ஒப்புதல் இல்லை என்று சொன்னேன். நடந்ததை விவரித்தேன். கேள்வியை நான் கேட்கவே இல்லை என்றும் சொன்னேன்.

"அப்ப தம்பி, பிழை உம்மடை பேரிலை எல்லோ வருது" என்றார். "சனத்தின்ரை ஆட்சேபணை எண்டு எழுதினால் இது நிக்காது. நான் பிழை விட்டனான் எண்டு நீர் எழுதித் தரவேணும். எழுதினால் நான் பதியிறன். ஆனால் யோசிச்சுப் போடும், பிள்ளை குட்டிக்காரன்."

அவர் சொன்னது அக்கறையில்தான். அவர் மேசையிலேயே நின்று புதிதாக எழுதினேன். கேள்வியைக் கேட்காமல் பெயரை மட்டும் கூப்பிட்டேன், தவறு என்னுடையது. கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்தபோது நிஜமாகவே பல் வலிப்பதுபோல் இருந்தது.

5

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூட்டத்தை மறுபடி நடத்தவேண்டும் என்று துரைக்கு ஒரு கடிதம் வந்தது. என்னை உள்ளே கூப்பிட்டு அதைக் காட்டினார். உன் பல் எனக்கு நிறைய வேலை வைக்கிறது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தேவைக்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. வேறொன்றும் செய்யவில்லை. விசாரணை வரும் என்று தினம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதுவரை வரவில்லை. இனி வராது என்று சொல்லவும் தைரியம் இல்லை.

அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். அதே களம், அதே மேசை. மலாய் அதிகாரிக்கு என்மேல் கோபம், ஆனால் மரியாதை குறையவில்லை. எடுத்த எடுப்பில் பட்டியலை நீட்டினார். நேரம் போகிறது, கூப்பிடுங்கள் என்றார். பட்டியலில் முதல் பெயர் இந்தத் தடவை வீராயியுடையது.

கூப்பிட்டேன்.

"ஐயா" என்று குரல் வரவில்லை. வீராயி இருந்த இடத்திலேயே நின்றாள். ராமையா அவளைத் திரும்பிப் பார்த்தார். கான்ஸ்டபிள்களும் பார்த்தார்கள்.

"பேர அப்புறம் கூப்பிடுங்க, கிராணி ஐயா" என்றாள். "மொதல்ல கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். பூசி மெழுகிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, அப்படியே சொன்னேன். அவர் பட்டியலை மேசையில் கவிழ்த்து வைத்தார். சரி, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நான் தமிழில், ஒரு பெயரும் சொல்லாமல், எல்லோரையும் பார்த்துக் கேட்டேன்.

வீராயி பேசினாள். மரத்துக்கு மரம் சொல்லிப் பார்த்தது வீண்போகவில்லை. புருஷனைப் பற்றி ஒரு வரிதான் சொன்னாள். மற்றதெல்லாம் பாதையைப் பற்றி. வரைபடத்தில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் முழுவதும் சதுப்பு என்று போட்டிருக்கிறதல்லவா, அதனால்தானே கம்பி எங்கள் வீட்டு மேல் வருகிறது? சதுப்புக்கு நடுவில் கெட்டித் தரை ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் மரம் இழுக்கப் போட்ட பாதை. கல் கொட்டி, மரத்துண்டு அடுக்கி, அதன்மேல் மண் போட்டோம். அந்த மண்ணைச் சுமந்ததில் நானும் ஒருத்தி. லல்லாங்புல் மூடிக் கிடக்கிறதே தவிர பாதை போகவில்லை. ஒரு குச்சியை எடுத்து, தரையில் கோடு போட்டே காட்டினாள். இன்ஜினியர் குனிந்து பார்த்தார். இந்தப் பாதை எங்கே போய் ஏறுகிறது என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவளுக்குத் தமிழில் சொல்லும்போதே எனக்குப் பதில் தெரியும். அந்தப் பாதை மேட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் வந்து ஏறுகிறது. அவளுக்கும் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "கிராணி வீட்டுக்குப் பின்னால" என்றாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். அந்தக் களத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து தெரிந்தவன் நான் ஒருவன். அந்த மூன்று சொல்லை நான் முழுங்கிவிட்டு, எங்கே போகிறதென்று தெரியாதாம் என்று சொன்னால் கேட்பார் இல்லை. இன்ஜினியர் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இன்னும் இரண்டு வருஷம், இன்னும் இரண்டு வருஷம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான். தோட்டத்து வீடு, நமக்கென்ன என்பேன். அதனால் கொல்லையில் மூன்று மாதத்தில் காய்க்கிறதை மட்டும் நடு என்று செல்லத்திடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கத்தரி, வெண்டை, பாகல். அவள் எனக்குத் தெரியாமல் பாகற்பந்தலுக்குப் பின்னால் ஒரு மாங்கொட்டையை ஊன்றிவிட்டாள். நான் கவனித்தபோது மரம் என் உயரத்துக்கு வந்திருந்தது. போன வருஷம் முதல் காய். வசந்தா அதன் கிளையில் உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறாள். அந்த ஒரு நிமிஷத்தில் அந்த மரம்தான் கண்ணில் நின்றது. எனக்கு இங்கே ஒரு வீடு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அட் தி பேக் ஆஃப் மை ஹவுஸ்" என்று சொன்னேன்.

எல்லாம் முடியும் நேரத்தில் ஒருவர், இந்தக் கம்பி வந்தால் எங்களுக்கும் விளக்கு வருமா என்று கேட்டார். இல்லை, இது நகரத்துக்குப் போகிற மின்சாரம் என்று இன்ஜினியர் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். யாரும் ஆச்சரியப்படவில்லை.

6

மறுநாள் வீராயி முன்னால் நடக்க, கான்ஸ்டபிள்கள் புடைசூழ, இன்ஜினியர் அந்தப் பாதையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரும்புக் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்தாராம், தரை கெட்டியாக இருந்ததாம். போன மாதம் குடியிருப்பில் கிணற்றோரம் இருந்த சிவப்பு முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள். கருப்பன் அதே பெஞ்சில் அதே ஜன்னலோரம் படுத்திருக்கிறார். முளைகள் இப்போது எங்கள் கொல்லையில் இருக்கின்றன. ஒன்று மாமரத்துக்கு நேர் கீழே.

புதிய வழிக்கும் முறைப்படி கேட்கவேண்டும் என்று மலாய் அதிகாரி ஒருநாள் பெரட்டு நேரத்திலேயே வந்தார். பட்டியலில் ஒரே ஒரு பெயர். என்னைக் கேட்க மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை என்பதால் அவரே கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷமாக ஆயிரக்கணக்கான தடவை அந்தக் களத்தில் பெயர் கூப்பிட்டவன் நான். என் பெயரை அங்கே ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"ஐயா" என்றேன். என் கால்கள் தாமாக நகர்ந்து ராமையாவுக்குப் பின்னால் போய் நின்றன.

ராமையா பதறிப்போய் விலகினார். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். வீராயி சிரிக்கவில்லை. அதிகாரியும் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, கேள்வியைத் தனியாக, மெதுவாகக் கேட்டார். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா? உண்டு என்று சொன்னால் முளைகள் எங்கே திரும்பிப் போகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இல்லை என்றேன். ஆனாலும் என்னைக் கேட்டார்கள் அல்லவா? அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் எனக்கு நிமிர்ந்து நிற்க முடிந்தது.

மழைக்காலம் முடிந்ததும் எங்களை ஆபீசுக்கு அந்தப் பக்கம் வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள். செல்லம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாங்கொட்டை இரண்டைக் காயவைத்தாள். வசந்தா இந்த வாரம் வந்து மரத்தடி முளையைப் பார்த்துவிட்டு, நான் கொடுத்த மனுவின் நகல் இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பிழை கண்டுபிடித்துத் திருத்தினாள். பிறகு மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட தாள் மேசையில் கிடக்கிறது. அண்ணனுக்குப் பதில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன், நாளைக்கு ரந்தாவில் தபாலில் சேர்த்துவிடுவேன்.

அண்ணா, தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கிணற்றடிக்குப் போ. வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பாதே, நீயே நடந்து போ. நீ கூப்பிட்டால் சின்னான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "சாமி" என்றுதான் சொல்வார், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதே. உட்கார்ந்து, கம்பி எங்கே வருகிறது என்று சொல்லி, அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேள். அவர் பேசி முடிக்கிறவரை அங்கேயே இரு. அவர் சொன்னதை எனக்கு எழுது. அதற்குப் பிறகு கையெழுத்தைப் பார்ப்போம்.